வரைகலையும் வன்னி மாணவரும்



கண்ணாற் காணவேண்டிய ஒரு கலையைப் பற்றிக் காதாற் கேட்போருக்கு எடுத்துரைக்க வந்திருக்கின்றேன். ஆதலால், உங்களிற் பலருக்கு நன்கு தெரிந்த ஒரு காட்சியை முதலில் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளும்படி வேண்டுகின்றேன். காட்டோரத்திலோ கைவிடப்பட்ட வயலோரத்திலோ நாட்டப்பட்ட ஒரு சிவப்புப் பலகை. அதில் ஒரு மண்டையோடு. குறுக்கிட்ட இரண்டு எலும்புகள். மூன்று மொழிகளில் ஓரிரு சொற்கள். ‘மிதிவெடி’ என்பது அவற்றுள் ஒன்று. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் வன்னிப் பெருநிலப்பரப்பிலுள்ள தம் ஊர்களுக்கு மீண்டு வந்த மக்களுள் அப்பலகையை அறியாதவர் அரியர்.

அகரம் எழுதப் பழகாத குழந்தைக்கும் அப்பலகையின் பொருள் விளங்கிற்று. அஃது எவ்வாறு விளங்கிற்று என்று நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பசுமையான காட்டின் நடுவே சிவப்பு நிறம் தொலைவிலேயே கண்ணைப் பற்றி நிறுத்துகின்றது. அருகிற் சென்றால் ஒரே ஒரு படம். அப்படத்திற்கு ஒரே ஒரு பொருள். அதன்பின் படிக்கத் தெரிந்தவர்க்குச் சில சொற்கள். அழகுக்காகச் சேர்த்த பூவோ கொடியோ கரையோ அங்கில்லை. எது முதலிற் கண்ணிற் படவேண்டும், எது அடுத்துப் படவேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று எவரோ ஒருவர் முன்னமே ஆராய்ந்து முடிவு செய்திருக்கின்றார். அந்த முடிவு சரியாக அமைந்தமையால் உயிர்கள் காக்கப்பட்டன.

இவ்வாறு முடிவு செய்யும் கலைக்கே வரைகலை வடிவமைப்பு என்று பெயர். கிராபிக் டிசைன் என்று ஆங்கிலச் சொல்லால் வழங்குவதும் இதுவே. எழுத்து, படம், நிறம், வெற்றிடம் ஆகிய நான்கையும் ஒரு தளத்தில் ஒழுங்குபடுத்தி, பார்ப்பவர்க்கு ஒரு செய்தியைத் தவறின்றிச் சேர்ப்பிப்பது இதன் தொழில். இதன் அடிப்படைகளை நம் உயர்நிலை வகுப்பு மாணவர்க்கு, அதிலும் வன்னி மாணவர்க்கு, எவ்வாறு கற்பிக்கலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் நாட்டுக் கல்வித் திட்டத்தில் இத்துறைக்கு ஒரு வாயில் ஏற்கெனவே திறக்கப்பட்டுள்ளது. 2017ஆம் ஆண்டில் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பாடப் பிரிவில் வரைகலை வடிவமைப்பும் ஒரு பாடமாக வைக்கப்பட்டது. ஆயின் அப்பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் அது சாதாரண தரப் பரீட்சைக்குப் பின்னரே கிடைக்கின்றது. இக்கலையின் முதற்பாடங்களை ஒன்பதாம், பத்தாம், பதினோராம் வகுப்புகளிலேயே, சித்திர பாட வேளையிலும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப பாட வேளையிலும் தொடங்கிவிடலாம் என்பது என் துணிபு. அதற்குக் கணினி அறை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் அடிமட்டமும் போதும்.

இதற்கு என்ன அவசரம் என்று சிலர் வினவலாம். நம் ஊர்ச் சந்திகளிலுள்ள தொடர்பகங்களைப் பாருங்கள். படப்பிரதி எடுப்பது, தட்டச்சுச் செய்வது, திருமண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அமைத்துக் கொடுப்பது எல்லாம் அங்கேதான் நடைபெறுகின்றன. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பலர் முதலில் வேலைக்கு அமர்வதும் அங்கேதான். அவர்களுக்குக் கணினியை இயக்கத் தெரியும். ஆனால் எழுத்தை எவ்வாறு நிறுத்துவது என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முற்காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. தமிழ் எழுத்து அச்சேறிய வரலாறு நெடியது. 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் அச்சகம் 1834ஆம் ஆண்டு முதல் மானிப்பாயில் இயங்கிற்று. 1841ஆம் ஆண்டில் ‘உதயதாரகை’ தோன்றிற்று. 1849ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார். இத்தகைய அச்சகங்களில் அச்சுக்கோப்பவராகச் சேரும் இளைஞன் ஆண்டுக்கணக்கில் மூத்தவரின் பக்கத்தில் நின்று பழகினான். ஈய எழுத்தைக் கையாலெடுத்துக் கோத்தமையால் ஒவ்வோர் எழுத்தின் முகமும் அவன் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. வரிக்கும் வரிக்கும் இடையே தகடு வைத்தவனுக்கு இடைவெளியின் மதிப்புத் தெரிந்திருந்தது. கணினி வந்தபோது வேலை எளிதாயிற்று. ஆனால் அந்தப் பயிற்சிக்கூடம் மறைந்துவிட்டது. மறைந்த அப்பயிற்சியை இனிப் பாடசாலைதான் கொடுத்தாக வேண்டும்.

பயிற்சி இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று கூறுகின்றேன். நம் நாட்டுப் பேருந்து ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்தின்மேல் எழுதப்பட்ட தமிழ் அறிவித்தலைப் பற்றிய செய்தி சில ஆண்டுகளுக்கு முன் பரவலாகப் பேசப்பட்டது. தகரம் நிற்கவேண்டிய இடத்தில் நகரம் நின்றுவிட்டது. தாய் நாயாயிற்று. எழுதியவர் பகைமையினால் எழுதினார் என்று நான் கருதவில்லை. தமிழ் அறியாத ஒருவர் எழுத்தை எழுத்தாக அறியாது வெறும் கோடாகக் கண்டு பார்த்தெழுதியதனால் விளைந்த தவறாகவே அது தோன்றுகின்றது. ஆயினும் அந்த ஆசனத்தருகே நின்ற தமிழ்ப் பெண்ணுக்கு அது எவ்வளவு புண்பாடு! 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டத்திற் பெற்ற அந்த உரிமை பலகையில் ஒரு வளைவு தவறியதனாற் பழுதுபடுகின்றது. அதனைத் திருத்தி எழுதவல்ல கைகள் நமக்கு வேண்டும்.

இனிப் பாடங்களுக்கு வருவோம்.

முதற்பாடம், எழுத்தை உற்று நோக்குவது. மாணவன் ஒரு முழுத் தாளில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிதாக வரையட்டும். தகரத்தையும் நகரத்தையும் அருகருகே வரைந்து, எவ்விடத்தில் இரண்டும் ஒன்றாகச் செல்கின்றன, எவ்விடத்திற் பிரிகின்றன என்று சுட்டிக் காட்டட்டும். ரகரத்தையும் ஆகாரத்தின் காலையும் அவ்வாறே ஒப்பிடட்டும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஒப்பிடும்போது ஆசிரியர் ஒரு வரலாற்றையும் கூறலாம். பழைய சுவடிகளில் எகர ஏகார வேறுபாடு தெளிவாகத் தெரியாது இடர்ப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பின் தலையிற் செய்த சிறு மாற்றம் அவ்விடரைத் தீர்த்தது. அதுபோலவே, துதிக்கையை உயர்த்திய யானை போன்ற பழைய ‘லை’, ‘னை’ முதலிய வடிவங்கள் 1978ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டு அரசின் ஆணையினால் மாற்றப்பட்டன. பின்னர் நம்மிடத்தும் புதிய வடிவமே நிலைத்தது. எழுத்து வானத்திலிருந்து விழுந்ததன்று. படிப்பவர் நலன் கருதி மனிதர் திருத்தித் திருத்தி அமைத்தது என்பதை மாணவன் இதனால் உணர்வான்.

இரண்டாம் பாடம், முதன்மை. ஊரில் இலவசக் கண் பரிசோதனை நடைபெறப்போகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு சுவரொட்டி வேண்டும். வழக்கமாக நாம் என்ன செய்கின்றோம்? பிரதம விருந்தினர் பெயர் பெரிய எழுத்தில். சிறப்பு விருந்தினர் பெயர் அதற்கடுத்த எழுத்தில். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் வரிசையாக. எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்பன அடியில் ஒரு மூலையிற் சிறிய எழுத்தில். பார்வை மங்கிய முதியவர் ஒருவருக்காக ஒட்டப்பட்ட அறிவித்தலை அம்முதியவராலேயே படிக்க முடியாது! மாணவர் இச்சுவரொட்டியைத் திருத்தி அமைக்கட்டும். செய்தி முழுவதையும் முதலில் தனித்தனித் துண்டுத் தாள்களில் எழுதி, மேசையில் வைத்து, எது முதல், எது இரண்டாவது என்று வாதாடட்டும். அந்த வாதமே பாடம். அது முடிந்தபின் வரைவது எளிது.

மூன்றாம் பாடம், வெற்றிடம். தாளில் இடம் மிஞ்சினால் அதில் எதையேனும் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆவல் நம் எல்லாருக்கும் உண்டு. வன்னிப் பிள்ளைக்கு இதனை விளக்க வேற்றூர் உவமை வேண்டியதில்லை. மிளகாய்க் கன்று நடுபவர் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே இடம் விட்டுத்தான் நடுகின்றார். நெருக்கி நட்டால் எந்தக் கன்றும் காய்க்காது. வரிகளும் அவ்வாறே. அதிலும் தமிழுக்கு இடைவெளி மிகுதியாக வேண்டும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் வருதலால் ஆங்கிலத்துக்கு விடும் வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. மும்மொழிப் பலகைகளில் இதனை நன்கு காணலாம். ஒரே செய்தியைத் தமிழில் எழுதும்போது சொற்கள் பெரும்பாலும் நீண்டு விடுகின்றன. மூன்று மொழிக்கும் ஒரே நீளக் கட்டம் வரைந்தால் தமிழ் நெருங்கி, சிறுத்து, இறுதியிற் படிக்க முடியாததாகின்றது. கட்டத்தை வகுக்கும் முன்னரே சொல்லை அளந்து பார்க்கும் பழக்கத்தை மாணவனுக்கு ஊட்டவேண்டும்.

நான்காம் பாடம், நிறம். பத்து நிறங்கள் இருந்தாலும் இரண்டை மட்டும் எடுத்துக்கொள் என்று சொல்லிப் பழக்குதல் நன்று. வரைந்து முடித்ததும் அதனைக் கறுப்பு வெள்ளைப் படப்பிரதியாக எடுத்துப் பார்க்கட்டும். நிறம் நீங்கிய பின்னும் படிக்க முடிகின்றதா? முடிந்தால் அது தேறிற்று. மஞ்சளின்மேல் வெள்ளை எழுத்தும், சிவப்பின்மேல் நீல எழுத்தும் இத்தேர்வில் உடனே தோற்றுவிடும். சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தோன்றும் கண்ணுடையோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு நிறம் மட்டும் எச்சரிக்கையாகாது; வடிவமும் வேண்டும். நாம் தொடக்கத்திற் கண்ட சிவப்புப் பலகையில் மண்டையோடும் இருப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

ஐந்தாம் பாடம், விட்டுவிடுவது. இது மிகக் கடினமான பாடம். லண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைகளைக் காட்டும் படத்தை ஹரி பெக் என்னும் வரைஞர் 1931ஆம் ஆண்டில் வரைந்தார். 1933ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. வளைந்து நெளிந்து சென்ற பாதைகளை அவர் நேர்க்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும் மாற்றினார். உண்மையான தூரத்தைக் கைவிட்டார். பயணிக்கு வேண்டியவை, எந்த நிலையத்திற்குப்பின் எந்த நிலையம், எங்கே இறங்கி வண்டி மாறுவது என்னும் இரண்டுமே என்று அவர் கண்டார். அந்த முறையை உலகெங்கும் பின்பற்றுகின்றனர்.

நம் மாணவரும் அவ்வாறு ஒரு படம் வரையலாம். வவுனியாவிலிருந்து வடக்கே செல்லும் ஏ9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. மாங்குளத்திற் பிரிந்து ஒட்டுசுட்டான் வழியாக ஒரு வீதி முல்லைத்தீவுக்குச் செல்கின்றது. பரந்தனிற் பிரிந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக இன்னொரு வீதியும் அங்கேயே செல்கின்றது. மூன்று கோடுகள்; ஒரு முக்கோணம்; சந்திகளில் வட்டங்கள். எந்தச் சந்தியில் இறங்கி எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதை வெளியூரிலிருந்து வரும் ஒருவர் ஒரே பார்வையில் அறிந்துகொள்வார். குளத்தையும் காட்டையும் வரையாது விட்டதற்காக எவரும் குறை கூறமாட்டார். இப்படத்தைப் பேருந்துத் தரிப்பிடத்தில் ஒட்டி வைத்தால், பாடசாலைப் பாடம் அன்றே ஊருக்குப் பயன்படும்.

ஆறாவதாகக் கணினிக்கு வருவோம். இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. முக்தா மலர், பலூ தம்பி, ஹிந்த் மதுரை முதலிய நல்ல தமிழ் எழுத்துருக்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. நம் நாட்டில் நெடுங்காலமாகப் பரவியுள்ள பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் உடுப்பு அணிவித்தது போன்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்று அடித்த சொல்லும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகச் சிதறிவிடும். ஒருங்குறியில் எழுதினால் அவ்விடர் இல்லை. ஆயினும் தமிழுக்கு ஒத்துழைக்காத சில மென்பொருள்களில் ஒருங்குறித் தமிழும் குலைவதுண்டு. கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி தனியே விலகிக் கிடக்கும். அவ்வாறு குலைந்த எழுத்தோடு அச்சாகித் தொங்கும் பதாகைகளை நாம் கண்டிருக்கின்றோம். முதற்பாடத்தில் எழுத்தைக் கையால் வரைந்த மாணவன் அப்பிழையை அச்சுக்கு முன்னரே கண்டுபிடிப்பான். கையாற் பழகாதவன் கணினி காட்டுவதே சரியென்று நம்பிவிடுவான்.

எல்லாவற்றுக்கும் மேலான ஒரு பாடத்தை இறுதியில் வைத்திருக்கின்றேன். இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூலை வெளியிடுவது நம்மவர் வழக்கம். வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வீட்டையும் பொருளையும் இழந்ததோடு புகைப்படங்களையும் இழந்தன. இறந்தவரின் முகத்தைக் காட்ட, தேய்ந்த அடையாள அட்டையிலுள்ள சிறு படம் ஒன்றே எஞ்சியிருக்கக்கூடும். அதனை எடுத்துக்கொண்டு ஒரு தாய் தொடர்பகத்திற்கு வருகின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் இளைஞன் என்ன செய்யவேண்டும்? அம்முகத்தைப் பெரிதாக்கி, வெண்மைப்படுத்தி, பின்னால் மலையையும் நீர்வீழ்ச்சியையும் ஒட்டி, வேறொருவர் கோட்டை அணிவித்துக் கொடுக்கலாம். கணினி அதனையும் செய்யும். அல்லது அந்தச் சிறு படத்தைச் சிறிதாகவே வைத்து, கறையை மட்டும் நீக்கி, சுற்றிலும் போதிய வெற்றிடம் விட்டு, பெயரைப் பிழையின்றி எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது முகம் அவள் அறிந்த முகம். அதைத் தெரிந்தெடுக்கும் மனம் வாய்ப்பதற்கும் பயிற்சி வேண்டும். தாயின் விருப்பத்தையும் பொறுமையோடு கேட்டறிய வேண்டும். இதனை எந்த மென்பொருளும் கற்பிக்காது. ஆசிரியரே கற்பிக்க வேண்டும்.

பெற்றோர் சிலர், இஃது ஒரு கடைவேலைதானே, நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு எதற்கு என்று எண்ணலாம். அவர்களுக்கு ஒரு செய்தி கூற விரும்புகின்றேன். நம் நாட்டுத் தமிழ்ப் பெருமகன் ஒருவரின் மைந்தரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, சிங்கள மக்களின் இடைக்காலக் கலைகளைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலை 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தம் இல்லத்திலேயே கையச்சு இயந்திரத்தில் அச்சிடுவித்தார். வில்லியம் மொரிஸ் என்னும் அறிஞர் தம் அரிய பதிப்புகளுக்குப் பயன்படுத்திய இயந்திரம் அது. நிலவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், பக்கத்தின் அமைப்பையும் எழுத்தின் நிறுத்தத்தையும் தம் தகுதிக்குக் குறைவான வேலையென்று கருதவில்லை.

வருவாயும் இதில் இல்லாமலில்லை. வன்னித் தேனும் ஒடியல் மாவும் மிளகாய்த் தூளும் நம் பெண்கள் பொதி செய்து விற்கின்றனர். நிறை, விலை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, முகவரி ஆகியன தெளிவாக அமைந்த ஒரு சுட்டுத்துண்டு இல்லாத பொதி, கொழும்புக் கடைத் தட்டில் ஏறுவது கடினம். பொருள் நன்றாயிருந்தும் சுட்டுத்துண்டு நன்றாயில்லாமையாற் பின்தங்குவது வருந்தத்தக்கது. அத்துண்டை அமைத்துக் கொடுக்கும் பிள்ளை அடுத்த வீட்டிலேயே இருக்க முடியும்.

இப்பாடத்திற்குப் புள்ளி இடுவது எவ்வாறு? மிக எளிய வழி ஒன்றுண்டு. மாணவன் வரைந்ததைச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று, அதைப்பற்றி ஒன்றும் அறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். பாடசாலைக் காவலாளியாகவோ, மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகவோ, ஒரு பாட்டியாராகவோ அவர் இருக்கலாம். அவர் சரியாகப் படித்துச் சொல்லிவிட்டால் மாணவன் தேறினான். அவர் தடுமாறினால் குற்றம் அவருடையதன்று, திருத்தவேண்டியது தாளை. படிப்பவரைக் குறைகூறாது தன் வேலையைத் தானே திருத்திக்கொள்ளும் இப்பண்பு, வேறெந்தத் தொழிலுக்குச் சென்றாலும் அப்பிள்ளையோடு கூடச் செல்லும்.

நேயர்களே, தொடக்கத்திற் கண்ட சிவப்புப் பலகைக்கு மீண்டும் வருவோம். ஹலோ டிரஸ்ட், மக் முதலிய நிறுவனங்களில் நம் ஊர் ஆண்களும் பெண்களும் பணியாற்றி, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவு செய்து வந்திருக்கின்றனர். ஒரு நிலம் துப்புரவான பின் அங்கு நின்ற பலகை அகற்றப்படுகின்றது. அதன்பின் அந்நிலத்தில் ஒரு வயல், ஒரு கடை, ஒரு பாலர் பாடசாலை எழுகின்றது. அவற்றுக்கும் பெயர்ப்பலகைகள் வேண்டும். முன்னைய பலகையை வேறெவரோ எழுதினர். அது பிழையின்றி விளங்கிற்று. இனி எழுதப்போகும் பலகைகளை நம் பிள்ளைகள் எழுதவேண்டும். அவையும் அவ்வாறே பிழையின்றி விளங்க வேண்டும். அதற்கு ஒரு தாளையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, ‘த’ என்னும் எழுத்தைப் பெரிதாக வரையச் சொல்லி நாளைக்கே தொடங்கலாம்.